எழுத்துக்கும் ஒரு விர்து உண்டு

சென்ற ஆண்டு எங்கள் வட்டாரத்தில் நடைபெற்ற ஓர் இலக்கியக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தனர். பேசுவதற்காக அன்று, முன்வரிசையில் நரைத்த தாடி ஒன்று இருந்தால் கூட்டத்துக்கு அழகு என்று எண்ணியிருப்பார்கள் போலும். அழைத்தவர்கள் மீது எனக்குக் குறையில்லை. ஆனால் அங்கே இருவர் பேசியதைக் கேட்டுத் திரும்பிய நாளிலிருந்து அவர்களுக்கு மறுமொழி கூறாதிருக்க என்னால் இயலவில்லை. அன்று மேடையில் கூற வாய்ப்பில்லாமற் போனதை இங்கே கூறுகிறேன். பெயர்கள் வேண்டா, பேச்சு மட்டும் போதும்.

முதலில் பேசியவர் இளைஞர், கவிஞர். பத்தாண்டுகளில் மெலிந்த நூல் ஒன்று எழுதியவர், நன்றாகவே எழுதியவர். கலைஞனைக் கடிகாரத்தோடு கட்டிப்போட முடியாது என்றார் அவர். இல்ஹாம் இறங்கும்போதுதான் எழுத்து. அது எப்பொழுது இறங்கும் என்பதை எவரும் அறியார். பகலை அலுவலகத்துக்கும் மாலையைக் குடும்பத்துக்கும் தின்னக் கொடுத்துவிட்ட நம் இளைஞர்களிடம் பெரிய நூல்களை எதிர்பார்ப்பது அநியாயம் என்றார். கைத்தட்டல் எழுந்தது.

அடுத்து எழுந்தவர் முதியவர்; ஊரில் நாலு பேர் மதிக்கும் வணிகர். கதை எழுதுவதும் படிப்பதும் வேலை வெட்டி அற்றவர்களின் பொழுதுபோக்கு என்றார் அவர். அதிலும் இக்காலத்துப் பிள்ளைகள் காதில் கருவியைச் செருகிப் பாட்டுக் கேட்டுக்கொண்டே எழுதுகிறோம் என்கிறார்கள். இது கஃப்லத்தின் மேல் கஃப்லத். இதற்கெல்லாம் நேரம் ஒதுக்கும் வீட்டில் பரக்கத் இராது என்றார். இதற்கும் கைத்தட்டல் எழுந்தது. முன்னவருக்குத் தட்டிய கைகளில் சில, பின்னவருக்கும் தட்டியதை நான் கண்ணாரக் கண்டேன்.

ஒருவரை ஒருவர் எதிர்த்துப் பேசியதாகவே கூட்டத்தார் எண்ணினர். எனக்கோ இருவர் கொள்கையும் ஒன்றெனவே பட்டது. எழுத்து ஒரு வேலையன்று என்பதே அக்கொள்கை. ஒருவர் அதை வானத்திலிருந்து விழும் பொருள் என்கிறார். மற்றவர் திண்ணையில் கிடக்கும் பொருள் என்கிறார். ஒரு வேலைக்கு உரிய நேரத்தை அதற்குக் கொடுக்க இருவருமே உடன்படவில்லை. இக்கொள்கை பிழை என்பதே என் வழக்கு. சாட்சியை மிஸ்ரு நாட்டிலிருந்து அழைக்கிறேன்.

1988ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நான் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்தேன். அரபு மொழியில் எழுதும் ஒருவருக்கு நோபல் பரிசு கிடைத்ததாக நாளிதழில் வந்த செய்தியை உஸ்தாது வகுப்பில் படித்துக் காட்டினார். எங்களுக்கு ஒரே வியப்பு. நஹ்வும் ஸர்ஃபும் ஓதிக்கொண்டிருந்த எங்களுக்கு அரபு என்றால் கிதாபுகளின் மொழி. அம்மொழியில் தெருவையும் தேநீர்க்கடையையும் குமாஸ்தாவையும் எழுதலாம் என்பதே அன்றுதான் தெரிந்தது. நஜீப் மஹ்பூழ் என்னும் பெயரை அன்று முதன்முதலாகக் கேட்டேன். எகிப்தியர் தம் வழக்கில் நகீப் மஹ்பூஸ் என்பர். அன்று முதல் இன்று வரை அரபு மொழியில் எழுதி இலக்கியத்துக்கான அப்பரிசைப் பெற்றவர் வேறெவரும் இல்லை.

அவருடைய நாவல்களைப் பின்னாளில் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். அந்நாவல்களைவிட அவர் நாளைக் கழித்த முறையே என்னை அதிகம் வாட்டியது என்றால் நம்புவீர்களா?

அவர் 1911 டிசம்பர் 11இல் கெய்ரோவின் பழைய மஹல்லாவாகிய ஜமாலிய்யாவில் பிறந்தவர். 1934இல் தத்துவத்தில் பட்டம் பெற்றார். அவ்வாண்டே பல்கலைக்கழக அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். பிறகு அவ்காஃப் அமைச்சகம், அதன்பின் கலை, திரைப்படத் துறைகள் என்று மேசை மாறியதே ஒழிய உத்தியோகம் மாறவில்லை. 1971இல் அறுபது வயதில் ஓய்வு பெறும்வரை 37 ஆண்டுகள் அரசு ஊழியர். காலையில் அலுவலகம் செல்வார். பிற்பகல் வீடு திரும்புவார். மாலை 4 மணிக்கு எழுத அமர்வார். 7 மணிக்கு எழுதுகோலை வைத்துவிடுவார். 7 மணி முதல் 10 மணி வரை படிப்பார். வெள்ளிக்கிழமை நீங்கலாக ஒவ்வொரு நாளும் இதே ஒழுங்கு. வெள்ளிக்கிழமை நண்பர்களோடு காபிக்கடையில் அமர்வதற்கு உரியது. அங்கும் அவர் மணி பார்த்தே அமர்ந்தார், மணி பார்த்தே எழுந்தார் என்பர்.

இதிலும் ஒரு குறை இருந்தது. அவருக்குக் கண்ணில் ஒவ்வாமை நோய். கோடை நெருங்கும்போது கிளம்பி, கோடை முடியும் வரை வருத்தும். அம்மாதங்களில் அவர் எழுதுவதில்லை. ஆகவே ஆண்டில் ஏறத்தாழப் பாதியே எழுத்துக்குரியது. இனிக் கணக்குப் போடுவோம். கூட்டத்தில் பேசிய வணிகருக்குக் கணக்குப் பிடிக்கும். நாளுக்கு 3 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள். ஆக 18 மணி நேரம். அரையாண்டுக்கு 26 வாரம் என்று கொண்டால் 468 மணி நேரம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் கடையில் நிற்கும் பணியாளுக்கு இது 59 நாள் வேலை. ஓராண்டில் இரண்டு மாத வேலைகூட நிறையாத நேரம்! இந்த நேரத்தைக் கொண்டுதான் அம்மனிதர் முப்பதுக்கு மேற்பட்ட நாவல்களையும் முந்நூறுக்கு மேற்பட்ட சிறுகதைகளையும் எழுதினார். கெய்ரோவின் மூன்று தெருக்களின் பெயரைத் தாங்கி 1956, 57ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மூன்று பாக நாவலும் இப்படி மாலைகளில் எழுதப்பட்டதே. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை அதில் வாழ்கிறது.

‘எனக்கு நேரமில்லை’ என்று கூறும் இளவலே, உமக்கு இல்லாதது நேரமா? அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தபின் மாலையில் 3 மணி நேரம் அவருக்கு இருந்தது. உமக்கும் இருக்கிறது. கைப்பேசி என்றொரு பொருள் அதை எடுத்துக்கொள்கிறது; அதற்கு நீர் இல்ஹாமைக் குற்றம் சாட்டுகிறீர்.

அலுவலகம் கலைஞனைக் கொல்லும் என்றீர். மஹ்பூழை அது கொல்லவில்லை. அவருக்கு அது தீனி போட்டது. அவ்காஃப் அமைச்சகத்தில் அவர் பார்த்த பணிகளுள் ஒன்று கர்ளு ஹஸன் என்னும் வட்டியில்லாக் கடன் வழங்கும் பிரிவு. நம் ஊர் ஜமாஅத்தில் பைத்துல்மால் கணக்கு எழுதியவருக்கு அந்த வேலை இன்னதென்று விளங்கும். பழைய தெருக்களின் ஏழைகள், அடகுப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மேசைக்கு முன் வந்து நிற்பர். எவன் பொய் கூறுகிறான், எவள் நாணத்தால் பாதியை மறைக்கிறாள் என்பதையெல்லாம் அந்த நாற்காலியில் இருந்தவரன்றி வேறு யார் அறிவார்? குமாஸ்தாக்களைப் பற்றி, பதவி உயர்வுக்காக ஏங்குவோரைப் பற்றி, சம்பள நாளைப் பற்றி அவர் எழுதியவற்றை, மலைச்சாரலில் குடில் அமைத்துக் காத்திருக்கும் கலைஞன் எழுதவே முடியாது.

இல்ஹாமை நான் மறுக்கவில்லை. மறுக்க நான் யார்? ஆனால் அது இறங்கும்போது ஆள் இருக்கையில் இருக்க வேண்டாமா? தபால்காரர் வரும் வேளையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டு, எனக்குக் கடிதமே வருவதில்லை என்று புலம்புவதை என்னென்பது? மணிக்கணக்கு இருந்துவிட்டால் மட்டும் எழுத்து வந்துவிடும் என்று நான் கூறுவதாகவும் எண்ண வேண்டா. அந்தப் பெரிய நாவலை 1952 அளவில் முடித்த பிறகு மஹ்பூழுக்குச் சில ஆண்டுகள் நாவல் வரவே இல்லை. அக்காலத்தில் திரைக்கதை எழுதினார். 1959இல் ‘அல் அஹ்ராம்’ நாளிதழில் அடுத்த நாவல் தொடராக வந்தது. வராத ஆண்டுகளிலும் நாற்காலி அங்கேதான் இருந்தது என்பதை நம் இளைஞர் கவனிக்க வேண்டும்.

அந்த 1959ஆம் ஆண்டுத் தொடர் பெரும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று என்பதை வாசகர்கள் அறிவீர்கள். எனக்கும் அதில் உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. அது வேறொரு கட்டுரைக்குரியது. ஆனால் 1994 அக்டோபர் 14, ஒரு வெள்ளிக்கிழமை, நண்பர்களைக் காண வழக்கம்போல் வீட்டிலிருந்து புறப்பட்ட 82 வயது முதியவரின் கழுத்தில் ஓர் இளைஞன் கத்தியைப் பாய்ச்சினானே, அவன் அந்நூலைப் படித்தவனும் அல்லன். கிதாபுக்குக் கிதாபால் மறுப்பு எழுதிய உலமாக்களின் வழியில் வந்தவர்கள் நாம். கத்தி நம் மறுப்பன்று. அவர் தவறாமல் அவ்வேளையில் வெளியே வருவார் என்பதை ஊரே அறிந்திருந்தது. நல்ல ஒழுங்கு ஒரு கெட்டவனுக்கும் பயன்பட்டுவிட்டது.

உயிர் பிழைத்தார். வலக்கையின் நரம்பு கெட்டுவிட்டது. அதற்குப் பின் அவர் செய்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மக்தபில் பலகையோடு அமரும் சிறுபிள்ளையின் நினைவு வரும். நாள்தோறும் ஒரு நோட்டில் தம் பெயரையும் தம் இரு மகள்மாரின் பெயரையும் கோணல்மாணலாக எழுதிப் பழகினார். எண்பது கடந்தவர், அரபு உலகெங்கும் அறிந்தவர், அலிஃபிலிருந்து மறுபடியும் தொடங்கினார். ஓரளவு கை வந்ததும் அரைப்பக்கம், கால்பக்கம் என்று கனவுகளை எழுதினார். கை மீண்டும் ஓய்ந்தபோது வாயால் சொல்லிப் பிறரை எழுதச் செய்தார். கண்ணும் காதும் மங்கிவிட்டமையால் நாளிதழை ஒருவர் நாள்தோறும் வந்து உரக்கப் படித்துக் காட்டுவார். 2006 ஆகஸ்டு 30இல் காலமாகும் ஆண்டு வரை அந்த ஒழுங்கு ஏதோவொரு வடிவில் நடந்தது. மனநிலை சரியில்லை என்று எழுதாமல் இருக்கும் நம் கவிஞர்கள் தம் வலக்கையை ஒருமுறை பார்த்துக்கொள்வார்களாக.

இதைக் கேட்டதும், மேல்நாட்டார் வகுத்த கடிகார ஒழுங்கை ஓர் எகிப்தியர் பின்பற்றினார், அதை நீர் எங்களுக்குச் சொல்ல வந்துவிட்டீர் என்று எவரேனும் கூறக்கூடும். அவர் இஹ்யாவைத் திறக்கட்டும். 1111ஆம் ஆண்டு மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், அவ்ராதுகளை வரிசைப்படுத்துவதற்கென்றே அந்நூலில் ஒரு பாகம் வகுத்துள்ளார்கள். பகலை ஏழு பகுதிகளாகப் பிரித்து, எப்பகுதியில் எதைச் செய்வது என்று கூறுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே ஒழுங்கைக் கூறவில்லை. வணக்கத்திலேயே ஈடுபட்டவருக்கு ஒன்று, கற்பவருக்கு ஒன்று, தொழில் செய்து குடும்பம் காப்பவருக்கு ஒன்று, அறிஞருக்கு ஒன்று. அறிஞருக்கு அவர்கள் வகுத்ததைக் கேளுங்கள். காலையில் கற்பித்தல். முற்பகலிலிருந்து அஸர் வரை நூல் எழுதுதலும் நூல் படித்தலும். அஸருக்குப் பின் கேட்டல். தமக்கு முன் ஓதப்படும் தஃப்ஸீரையும் ஹதீஸையும் செவிமடுத்தல். காரணமும் கூறுகிறார்கள்: அந்நேரத்தில் கண்ணுக்கும் கைக்கும் ஓய்வு வேண்டும், அஸருக்குப் பின் எழுதுவதும் படிப்பதும் கண்ணுக்குத் தீங்காகலாம்.

இதைப் படித்தபோது என் மேனி சிலிர்த்தது. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன், எழுத்தாளனின் கண் வலியையும் கை வலியையும் எண்ணிப் பார்த்து நேரம் வகுத்திருக்கிறார்கள்! இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இரவை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கை இல்முக்கும் ஒரு பங்கைத் தொழுகைக்கும் ஒரு பங்கை உறக்கத்துக்கும் கொடுத்த செய்தியையும் அதே பாகத்தில் காணலாம். சிறிதாயினும் விடாது செய்யும் அமலைச் சிறப்பித்த நபிமொழியை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். தஸ்பீஹுக்கு விர்து உண்டு, குர்ஆனுக்கு விர்து உண்டு என்று ஒப்புக்கொள்ளும் நாம், எழுத்துக்கு மட்டும் ஏன் அதை மறுக்கிறோம்? எழுத்தை வேலையற்றவர் செயல் என்ற வணிகப் பெரியவர், அறிஞரின் நண்பகல் முழுவதையும் அதற்கே ஒதுக்கிய இமாமுக்கு என்ன பதில் கூறுவார்?

இனி, பாட்டுக்கு வருகிறேன். இதை ஒதுக்கிவிட்டுப் போவது எளிது, ஆனால் நேர்மையன்று.

மஹ்பூழின் நாளில் எழுத்துக்கும் படிப்புக்கும் அடுத்த இடம் இசைக்கு இருந்தது. தத்துவ மாணவராயிருந்த இளமைக் காலத்தில் இசைப் பயிலகம் ஒன்றில் சேர்ந்து ஓராண்டு கானூன் வாசிக்கக் கற்றார். கானூன் என்றால் நமக்குச் சட்டம்தான் நினைவுக்கு வரும். அரபியில் அதே சொல், மடியில் வைத்து மீட்டும் ஒரு தந்தி வாத்தியத்துக்கும் பெயர். (இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்ததைப் பற்றி என் மாணவர்களிடம் நான் ஒரு மணி நேரம் பேசுவதுண்டு, இங்கே விட்டுவிடுகிறேன்.) எகிப்திய அரசு வானொலி 1934இல் தொடங்கியது. அதன் வழியே உம்மு குல்தூமின் பாட்டு நாடெங்கும் பரவிற்று. மாதந்தோறும் முதல் வியாழக்கிழமை இரவு அவர் பாடுவார். நள்ளிரவு தாண்டியும் நீளும். கெய்ரோவின் தெருக்கள் அப்போது வெறிச்சோடிக் கிடக்கும் என்பர். மஹ்பூழ் அப்பாட்டுக்கு அடிமை. தம் மகள்மாருக்கு உம்மு குல்தூம், ஃபாத்திமா என்று பெயரிட்டார். இரண்டும் நாயகம் (ஸல்) அவர்களின் திருமகள்மாரின் பெயர்கள்; ஆனால் முதற்பெயர் வைக்கும்போது அவர் வானொலியையும் நினைத்திருப்பார் என்று ஊரார் சிரித்திருக்க மாட்டார்களா என்ன!

அந்தப் பாடகி யார்? ஒரு கிராமத்துப் பள்ளிவாசல் இமாமின் மகள். மக்தபில் குர்ஆன் ஓதியவர். தந்தையார் ஊர் ஊராகச் சென்று மௌலிது போன்ற பாடல்களைப் பாடும்போது உடன் பாடிய சிறுமி. பெண்பிள்ளை மேடையேறுவதா என்ற கூச்சத்தால் தந்தை அவருக்கு ஆண்பிள்ளை உடை அணிவித்தார். அவருடைய ஒவ்வோர் எழுத்தும் அதனதன் மக்ரஜிலிருந்து பிறப்பதை, தஜ்வீது கற்ற காது உடனே கண்டுகொள்ளும். அரபு மொழியின் ஓசையை அவரிடம் கேட்டுக் கற்றவர் கோடிப் பேர். அவர்களுள் ஒருவர் நாவல் எழுதினார்.

வாத்தியங்களைப் பற்றி ஃபத்வா கொடுக்க நான் இக்கட்டுரையை எழுதவில்லை. அதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ‘கஸ்ஸாலியே பாட்டுக் கேட்கலாம் என்றார்’ என்று சில இளைஞர்கள் எழுதுவதைப் பார்க்கிறேன். இதுவும் பாதி உண்மை. ஸமாஉ பற்றித் தனியொரு பாகம் எழுதி, இனிய குரலைத் தன்னளவில் குற்றமற்றது என்று இமாமவர்கள் நிறுவியது மெய். அதே பாகத்தில், குடிகாரர் சபைக்கு உரியனவாக அன்று விளங்கிய தந்தி வாத்தியங்களைக் கண்டித்ததும் மெய். ஒன்றைக் காட்டி ஒன்றை மறைப்பது ஆலிமுக்கு அழகன்று; கவிஞருக்கும் அழகன்று. வாத்தியம் வேண்டா என்று வைராக்கியமாக இருக்கும் சகோதரரை நான் மதிக்கிறேன். அவரிடம் என் கேள்வி வேறு. நீர் செவிக்கு எதைக் கொடுத்தீர்?

எழுதுபவனுக்குக் கண்ணைப் போலவே செவியும் வேலை செய்ய வேண்டும். வாக்கியம் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கண் சொல்லாது, காதுதான் சொல்லும். நம் உம்மம்மாமார் ரபீவுல் அவ்வல் இரவுகளில் சீறாவை ராகத்தோடு படிக்கக் கேட்டார்கள். கிஸ்ஸாவும் முனாஜாத்தும் படைப்போரும் ஒருவர் படிக்கப் பலர் கேட்டார்கள். எழுத்தறியாத அம்மூதாட்டியர் பேசிய தமிழில் இருந்த தாளம், பட்டம் பெற்ற பேரன் எழுதும் தமிழில் இல்லையே, ஏன்? அவன் கேட்டு வளரவில்லை. கூட்டத்தில் பாட்டைக் கஃப்லத் என்று சாடிய பெரியவரின் வீட்டில், இஷாவுக்குப் பின் தொலைக்காட்சித் தொடர் ஓடுவதை அவ்வழியே நடந்துபோகும் எவரும் கேட்கலாம். பாட்டை விரட்டிய இடத்தில் ஹதீஸ் கேட்கும் மஜ்லிஸை அமைத்திருந்தால் அவர் கையை நான் முத்தமிட்டிருப்பேன். பாட்டை விரட்டிவிட்டு இரைச்சலைக் குடிவைத்தார்.

இளைஞருக்கும் இதில் பங்கு உண்டு. காலை எழுந்தது முதல் படுக்கும்வரை காதில் ஏதோ ஒன்று ஒலித்துக்கொண்டே இருப்பது கேட்டல் ஆகாது. மாதம் ஒருமுறை வரும் வியாழன் இரவுக்காக ஒரு நகரமே காத்திருந்ததே, அது கேட்டல். எழுதும்போதும் பாட்டு, படிக்கும்போதும் பாட்டு என்றால் மூன்றுமே பாழ். எழுதும் நேரத்துக்கு எழுத்தும், படிக்கும் நேரத்துக்குப் படிப்பும், கேட்கும் நேரத்துக்குக் கேட்டலும் என்று பிரித்து வைத்ததே முன்னோர் செய்த காரியம்.

இவ்வளவையும் எழுதி முடித்து, வழக்கம்போல் என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “நாலு மணியிலேயிருந்து பத்து மணி வரைக்கும் உங்க மிஸ்ரு எழுத்தாளர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கலை, சரி. அவ்வளவு நேரமும் வாசற்கதவைத் திறந்தது யாரு?” என்றாள்.

எனக்கு விடை தெரியும்; எழுதாமல் விட்டிருந்தேன். 1954 வரை மஹ்பூழ் மணம் புரியவில்லை. தந்தையின் மறைவுக்குப் பின் தாயாரோடு வாழ்ந்தார். மூன்று தலைமுறைக் கதையை எழுதி முடித்தபோது அவர் வீட்டில் அழும் குழந்தை இல்லை. சோறு வடிக்கும் பொறுப்பும் அவருக்கில்லை. நாற்பதைக் கடந்து மணந்த பின், அந்நேரத்தைக் காக்கும் காவல் ஒரு பெண்ணிடமிருந்து மற்றொரு பெண்ணிடம் வந்தது. நோபல் பரிசுச் செய்தி வந்த நாளில், பகலுறக்கத்தில் இருந்தவரை எழுப்பிச் சொன்னவரும் அந்த மனைவியாரே. அவர் நம்பவில்லையாம், வேடிக்கை என்று நினைத்தாராம். அவருடைய ஒழுங்கை வியக்கும் கட்டுரைகள் பல வந்துள்ளன. அந்த ஒழுங்குக்கு வெளியே நின்றவர்களின் நாள் எப்படிக் கழிந்தது என்பதை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

இவ்விடத்தில்தான் என் வழக்கு, மேடையில் பேசிய அவ்விருவரையும் விட்டு உங்கள் வீட்டுக்குள் வருகிறது; பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு வகுப்பில் என்னிடம் அரபு கற்ற பெண்பிள்ளை ஒருத்தி கதை எழுதுவாள். பழைய பள்ளிக்கூட நோட்டின் எஞ்சிய தாள்களில் எழுதுவாள். நன்றாக எழுதுகிறாள் என்று நான் கூறுவது உஸ்தாதின் பரிவன்று. ஒரு தாயும் மகளும் பேசாமல் ஒரே அடுப்படியில் நிற்பதை இரண்டு பக்கத்தில் அவள் எழுதியதைப் படித்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிக்காஹ் ஆயிற்று. ஈராண்டு கழித்து ஒரு விசேஷ வீட்டில் ஸலாம் கூறினாள். எழுதுகிறாயா அம்மா என்றேன். “எப்ப உட்கார்ந்தாலும் யாராவது கூப்பிட்டுடுறாங்க, உஸ்தாத்” என்றாள். குறை கூறும் குரலில் கூறவில்லை. மழை பெய்கிறது என்பதுபோல் கூறினாள்.

மருமகன் கடைக்குப் போயிருக்கிறார் என்றால் அவரை எவரும் இடையில் கூப்பிடுவதில்லை. மகன் தேர்வுக்குப் படிக்கிறான் என்றால் வீடே மெதுவாகப் பேசுகிறது. அவள் எழுதுகிறாள் என்றால் மட்டும் அவள் சும்மா இருக்கிறாள் என்று பொருள். நாளில் 3 மணி நேரம் வேண்டா. ஒரு மணி நேரம் அவளைக் கூப்பிடாமல் இருக்க நம்மால் முடியாதா? அவள் தேநீர் போடாத அந்த ஒரு மணி நேரத்தில் எந்தக் குடும்பம் கெட்டுவிடும்? ‘பெரிய எழுத்தாளர் நம்மிடையே தோன்றவில்லை’ என்று ஆண்டுதோறும் மேடையில் வருந்துகிறவர்கள், தத்தம் வீட்டு அடுப்படியைக் கடந்துதான் அந்த மேடைக்கு வருகிறார்கள்.

நான் மட்டும் யோக்கியன் என்று காட்டிக்கொள்ளவில்லை. என் மனைவி தன் உம்மம்மாவிடம் கேட்ட தாலாட்டுகளையும் கலியாண வீட்டுப் பாட்டுகளையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கத் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அந்நோட்டு பதினோராண்டில் 14 பக்கம் நிறைந்திருந்தது. அதே வீட்டில், அதே ஆண்டுகளில், மூடிய கதவுக்குப் பின்னால் நான் மூன்று நூல்கள் எழுதினேன். கூட்டத்தில் பேசிய வணிகரைவிட நான் எவ்வகையில் மேலானவன் என்று எண்ணிப் பார்த்தேன். தாடி சற்று நீளம், அவ்வளவே.

இப்பொழுது அஸருக்குப் பின் மஃரிபு வரை அவள் உள்ளறையில் எழுதுகிறாள். வாசற்கதவை நான் திறக்கிறேன். பால்காரருக்குச் சில்லறை கொடுக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டு வந்த கறிவேப்பிலை எங்கே இருக்கிறது என்று தேடக் கற்றுக்கொண்டேன். சென்ற வாரம் வந்த உறவினர் ஒருவரிடம், அவள் வேலையாக இருக்கிறாள், மஃரிபுக்குப் பின் பார்க்கலாம் என்றேன். என்ன வேலை என்றார். எழுதுகிறாள் என்றேன். அவர் சிரித்தார், நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை கூடிவிட்டது.

நோட்டு 41ஆம் பக்கத்துக்கு வந்திருக்கிறது. சொல் நினைவிருந்தும் ராகம் மறந்துபோன தாலாட்டுகள் இரண்டு அவளிடம் உள்ளன. அவற்றைப் பாடிக் கேட்டு வருவதற்காக, வருகிற சனிக்கிழமை அவளுடைய உம்மம்மாவின் தங்கையைப் பார்க்க நாங்கள் இருவரும் புறப்படுகிறோம்.